பானை ஸ்பீக்கரும் புத்தக அலமாரிப் பெட்டியும்

ஓசூரில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள்ள வேணாலும் போய் "ஹோம் தியேட்டர் வேணும்"னு கேட்டுப் பாருங்க. அஞ்சு குட்டிப் பெட்டி, கூடவே வாளி சைஸ்ல ஒரு பெரிய பெட்டி, முன்னாடி நீலக் கலர்ல மினுக்குற லைட்டு, இதைத்தான் எடுத்து வைப்பாங்க. கொஞ்சம் பெரிய கடைன்னா சவுண்ட்பார். "எனக்கு ரெண்டு ஸ்பீக்கர் போதும்ணே"ன்னு சொன்னா, சாம்பாருக்கு உப்பு வேண்டாம்னு சொன்னவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க.

இந்தப் பதிவு அந்த ரெண்டு ஸ்பீக்கர் கட்சிக்காக. எந்த மாடல் வாங்கலாம்னு சொல்ற பதிவு இல்லை. வீட்டுப் புத்தக அலமாரியில வைக்கிற அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டி எப்படிச் சின்னதாச்சு, அது ஏன் ஜோடியாச்சு, அந்த ஜோடி நம்ம பக்கத்துல எப்படி அஞ்சாகிக் கெட்டுப்போச்சுங்கிற கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

காகிதக் கூம்பு, நடுவுல காயில், பின்னாடி காந்தம். இன்னிக்கு நாம ஸ்பீக்கர்னு சொல்ற இந்த அமைப்பை உருப்படியா வேலை செய்ய வெச்சவங்க அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு பேர். வருஷம் 1925. நூறு வருஷம் ஓடியும் அடிப்படை மாறவே இல்லை.

ஆனா அந்தக் கூம்புக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. அது முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் காற்று இளகுது. முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். கனமான பேஸ் சத்தம் ஓரத்தைச் சுத்தி வளைஞ்சு வந்து, ரெண்டும் கலந்து, காணாமலே போயிடும். சந்தேகம் இருந்தா பழைய ரேடியோவில் இருந்து ஸ்பீக்கரைக் கழட்டி வெறுமனே பாட விடுங்க, தகர டப்பா மாதிரி கத்தும். அதையே ஒரு பெரிய அட்டையில் ஓட்டை போட்டுப் பொருத்துங்க, மிருதங்கத்தோட தொப்பி கேட்க ஆரம்பிக்கும்.

ஆக, முன்னையும் பின்னையும் பிரிக்கணும். எப்படிப் பிரிக்கிறது? கதவு சைஸ் பலகை, இல்லாட்டி பீரோ சைஸ் பெட்டி. சினிமா கொட்டகையில் திரைக்குப் பின்னால் இடம் இருந்தது, வெச்சுக்கிட்டாங்க. வீட்டுல எங்க வைக்கிறது? அந்தக் காலத்து வால்வு ரேடியோவைத் திருப்பிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பின்பக்கம் ஓட்டை ஓட்டையா ஒரு அட்டைதான் இருக்கும், மூடியே இருக்காது. மரப்பெட்டி பெருசா இருந்ததால் ஓரளவு பேஸ் வந்தது. அம்புட்டுதான்.

இங்கே எங்க ஊர்ப் பக்கம் வரணும். ஊர் பேரே பேரிகை. பேரிகைன்னா முரசு. ஓசூரில் இருந்து பாகலூர் வழியா வந்தா நாங்க, எங்களைத் தாண்டினா கர்நாடகா, மாலூர். ஓட்டுக்கும் செங்கலுக்கும் பேர் போன ஊர் மாலூர். மண்ணுக்குப் பஞ்சமில்லாத பக்கம்.

எண்பதுகள், தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு டீக்கடை, சலூன், டெய்லர் கடைகளில் பானை ஸ்பீக்கர் பார்க்காதவங்க குறைவு. மண்பானை வாயில் ஆறு இஞ்சோ எட்டு இஞ்சோ ஸ்பீக்கரை மேலே பார்த்த மாதிரி உட்கார வெச்சு, ஓரத்தை எம்-சீல் போட்டு அடைச்சு, வயரை ஒரு ஓட்டை வழியா வெளியே எடுத்து, கடை மூலையில் வெச்சிருவாங்க. ரெண்டு மூலையிலும் பானை இருந்தா கடைக்காரர் இளையராஜா வெறியர்னு அர்த்தம் :-) கேசட்டு டெக்கில் இருந்து அந்தப் பானை வழியா வர்ற பேஸ் கிட்டார் இருக்கே... அது தெரு முனை வரைக்கும் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும்.

இதை ஏதோ பாமரத்தனமான ஜோடனைன்னு யாராவது நினைச்சா, ஹாரி ஓல்சனைப் படிக்கச் சொல்லுங்க. ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஒலி ஆராய்ச்சி செய்தவர். 1951இல் கனசதுரம், உருளை, பிரமிடு, கோளம்னு பல வடிவத்தில் பெட்டி செஞ்சு, எல்லாத்திலும் ஒரே மாதிரி ஸ்பீக்கரை வெச்சு அளந்து வெளியிட்டார். ஏற்ற இறக்கம் இல்லாம சீரா சத்தம் கொடுத்தது கோளம். வெளிப்பக்கம் கூர்மையான ஓரம் இல்லை, அதனால் ஓரத்தில் சத்தம் சிதறி வந்து நேர்ச் சத்தத்தோட கலந்து கெடுக்கிறது இல்லை. நம்ம குயவர் சக்கரத்தில் சும்மா வர்ற வடிவம் அது. போதாததுக்குச் சுட்ட மண் கனமானது, மெல்லிசு பிளைவுட் மாதிரி கூடவே சேர்ந்து அதிராது. வாயை அடைச்சாச்சு, பின்பக்கச் சத்தத்துக்கு வெளியே வர வழியில்லை. வேலை முடிஞ்சது.

பானையில் குறையே இல்லையான்னா, உண்டு. உள்சுவர் வழுவழுன்னு இருக்கிறதால் ஒரே ஒரு சுருதி மட்டும் "ங்கொம்ம்"னு தூக்கும். விவரமானவங்க உள்ளே இலவம் பஞ்சோ பழைய துணியோ அடைப்பாங்க. அப்புறம், ட்வீட்டர் கிடையாது. பேஸ் பிரமாதம், ஆனா பாட்டு வரி பாதி புரியாது. இந்த "வரி புரியாது" விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னால வருது.

பானைக்குள்ள நடந்தது என்னன்னு கணக்குப் போட்டு ஒரு கம்பெனியே கட்டினவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றிப் பாடம் எடுத்தவர். அவருக்கு முன்னாடியும் மூடின பெட்டி இருந்தது. ஆனா சின்னப் பெட்டியில் ஸ்பீக்கரை அடைச்சா உள்ளே இருக்கிற காற்று ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும், கூம்பு அசையாது, பேஸ் வராது. எல்லாரும் அந்தக் காற்றை எதிரியாப் பார்த்தாங்க. வில்ச்சர் உல்டாவா யோசிச்சார். கூம்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஓரப்பட்டையும் ஒரு ஸ்பிரிங்தானே? அதை லொடலொடன்னு தளர்த்திடுவோம், கூம்பைத் திரும்ப இழுக்கிற வேலையை உள்ளே இருக்கிற காற்றே பார்க்கட்டும்! காற்று ஸ்பிரிங் உலோகத்தையும் துணியையும் விட ஒழுங்கா வேலை செய்யும், கரகரப்பு வராது.

முதல் மாதிரியைச் செஞ்ச விதம் இன்னும் அழகு. ஓரப்பட்டைக்கு அவங்க எடுத்தது பழைய மெத்தை உறைத் துணி. அதை அளவா வெட்டிப் பொருத்த வரைபடம் போட்டுக் கொடுத்தது அவர் மனைவி ரோஸ்மேரி. மெத்தைத் துணிக்கும் மண்பானைக்கும் ரொம்ப தூரம் இல்லைன்னு எனக்குத் தோணும்.

வில்ச்சர் யோசனையை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கப் போய் அவங்க வேண்டாம்னுட்டாங்க. அவர்கிட்ட படிச்ச ஹென்றி க்ளாஸ் கூடச் சேர்ந்து 1954இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச்னு கம்பெனி தொடங்கினார். முதல் ஸ்பீக்கர் ஏஆர்-1. புத்தக அலமாரி ஸ்பீக்கர்ங்கிற பேரே இந்த வம்சத்தால்தான் நிலைச்சது. பேரைக் கேட்டு ஏமாறாதீங்க. ஏஆர்-1 உள்ளே இருந்தது 12 இஞ்ச் வூஃபர், பெட்டி நீளம் ரெண்டு அடி. அதைத் தாங்கணும்னா அலமாரியைத் தேக்குல செய்யணும். ஆனா அதுவரைக்கும் அதே பேஸுக்குப் பீரோ தேவைப்பட்டதுங்கிறதை மறக்கக் கூடாது. காப்புரிமை பின்னாளில் கோர்ட்டில் நிற்கவில்லை. அதனால் யார் வேணாலும் செய்யலாம்னு ஆகி, உலகம் பூரா சின்னப் பெட்டிகள் வந்தன.

இதுக்கு ஒரு விலை உண்டு. க்ளாஸ் பின்னால் சேர்ந்து தொடங்கின கேஎல்ஹெச் கம்பெனியில் ஹாஃப்மன்னு ஒருத்தர். அவர் பேரில் ஒரு விதி இருக்கு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்சம் கரண்ட்டுக்கே நிறைய சத்தம், இந்த மூணில் ரெண்டுதான் கிடைக்கும். மூணாவதை விட்டே ஆகணும். சின்னப் பெட்டிக்காரங்க சத்தத்தை விட்டாங்க, அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயரில் வாட்ஸைக் கூட்டினாங்க. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் மலிவா வந்ததும் அதுவும் பிரச்சினை இல்லைன்னு ஆச்சு. இந்த விதியையும் மனசுல வெச்சுக்கங்க.

அப்புறம் 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் ரெண்டு பேரும், பெட்டியில் ஒரு குழாய் விட்டா பேஸ் எவ்வளவு கூடும்னு துல்லியமாக் கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க. இன்னிக்குக் கடையில் இருக்கிற பெரும்பாலான புத்தக அலமாரி ஸ்பீக்கர்களின் முதுகில் இருக்கிற ஓட்டை அதுதான். எலி வளைன்னு நினைச்சுத் துணி அடைச்சவங்களை எனக்குத் தெரியும்.

சரி, பெட்டி சின்னதாச்சு. ஏன் ரெண்டு?

அதுக்கு 1931க்குப் போகணும். லண்டனில் ஆலன் ப்ளூம்லைன்னு ஒரு எஞ்சினியர், மனைவியோட சினிமாவுக்குப் போறார். பேசும் படம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆச்சு. நடிகர் திரையில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார், குரல் மட்டும் ஒரே இடத்தில் இருந்து வருது. "ஆள் போற பக்கமே குரலும் போக ஒரு வழி என்கிட்ட இருக்கு"ங்கிற மாதிரி மனைவிகிட்ட சொன்னாராம். அந்த டிசம்பரிலேயே காப்புரிமைக்கு மனுப் போட்டார். இன்னிக்கு நாம ஸ்டீரியோன்னு சொல்றது அதுதான். கவனிங்க, ஸ்டீரியோ பிறந்தது பாட்டுக்காக இல்லை, சினிமா வசனத்துக்காக. ப்ளூம்லைன் 1942இல், ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து செத்துப்போனார். வயசு 38.

அவர் கணக்கில் இருக்கிற அதிசயம் என்னன்னா, ரெண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரலைச் சம அளவில் கொடுத்தா, குரல் ரெண்டில் இருந்தும் வராது. நட்ட நடுவில், ஒண்ணுமே இல்லாத இடத்தில் இருந்து வரும். டி.வி.யை ரெண்டு பெட்டிக்கு நடுவில் வெச்சா ஹீரோ வாயில் இருந்தே வசனம் வர்ற மாதிரி இருக்கும். மூணாவதா ஒரு சென்டர் ஸ்பீக்கர் எதுக்குன்னு வீட்டில் நாலு பேர் உட்கார்ற அளவுக்கு எனக்கு இன்னும் புரியல. (ரொம்ப ஓரமா உட்கார்றவங்களுக்கு அது தேவை, அது நியாயம்தான். கொட்டகையில் பாதிப் பேர் ஓரத்தில்தானே உட்கார்றாங்க.)

பி.பி.சி. கதையும் இதில் சேரும். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள்ள இடம் இல்லாததால், எழுபதுகளின் நடுவில் எல்எஸ்3/5ஏ-ன்னு ஒரு குட்டிப் பெட்டி செஞ்சாங்க. உயரம் சுமார் ஒரு அடி. அஞ்சு இஞ்ச் கூம்பு, ஒரு சின்ன ட்வீட்டர், மூடின பெட்டி. பி.பி.சி. எஞ்சினியர்கள் ஒரு ஸ்பீக்கர் நல்லதான்னு பார்க்க ரொம்ப நம்பினது மனுஷக் குரலை. பக்கத்து அறையில் பேசுறவர் குரலும் ஸ்பீக்கரில் வர்ற குரலும் ஒண்ணா இருக்கான்னு பார்ப்பாங்க. தரை அதிர வைக்கிறது அந்தப் பெட்டியால் ஆகாது. குரலில் அதை மிஞ்ச ஆள் கம்மி.

தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் சினிமாப் பாட்டுகள்னு 1978இல் வந்த 'ப்ரியா' படத்தைச் சொல்வாங்க. இளையராஜா இசை. கொட்டகைகளில் 70 எம்.எம். ஸ்டீரியோவுக்கு 'ஷோலே' 1975, தமிழில் 'மாவீரன்' 1986. அப்புறம் 1995 தீபாவளிக்கு 'குருதிப்புனல்', டால்பி சத்தத்தோட. அடுத்த வருஷம் 'கருப்பு ரோஜா', டிடிஎஸ். அதுக்கப்புறம் போஸ்டரில் ஹீரோ பேருக்குச் சமமா "டிடிஎஸ்"னு போட ஆரம்பிச்சாங்க. எங்க பக்கத்து ஆளுங்க நல்ல சத்தத்துக்காகவே பஸ் ஏறி பெங்களூர் மெஜஸ்டிக் வரைக்கும் போய்ப் படம் பார்த்தாங்க. திரும்பி வந்ததும் அந்தச் சத்தம் வீட்டிலும் வேணும்னு ஆசை.

ஆசை தப்பே இல்லை. அதைத் தீர்த்து வெச்ச விதம்தான் எனக்கு வயித்தெரிச்சல்.

டி.வி.டி. மலிவாச்சு. 2006இல் இருந்து அரசாங்கம் 14 இஞ்ச் கலர் டி.வி.யை இலவசமாக் கொடுத்தது. ஏழை வீட்டிலும் படம் வந்தது, ஆனா டி.வி. ஸ்பீக்கர் சுண்டு விரல் சத்தம். அந்த இடத்தில் நுழைஞ்சது அசெம்பிள்ட் 5.1. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி எல்லாம் தனித்தனியாக் கிடைக்கும். உள்ளூர் மெக்கானிக் சேர்த்துக் கொடுப்பார். அவர்களை நான் குறை சொல்லல, அந்தக் கைவேலையில் எத்தனையோ குடும்பம் சாப்பிட்டது. நம்ம பயலுக பாதிப் பேர் சால்டரிங் கத்துக்கிட்டதே சான்யோவின் 4440 ஐ.சி. போர்டில்தான். 12 வோல்ட் கொடுத்தா பாடும், சாகாது.

அந்த 4440இன் உண்மையான திராணி என்ன? ரெண்டு சேனலுக்கு ஆளுக்கு 6 வாட். சேர்த்துக் கட்டினா 19 வாட். அவ்வளவுதான், அதுவும் போதும். ஆனா இதே மாதிரி ஐ.சி.க்கள் இருக்கிற பெட்டிகளின் அட்டையில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ.ன்னு அடிச்சிருந்தாங்க. பி.எம்.பி.ஓ.ங்கிறது யாரும் வரையறுக்காத அளவு, வாய்க்கு வந்த நம்பர். அமெரிக்காவில் இதே கூத்து நடந்து, வாட்ஸை எப்படி அளந்து சொல்லணும்னு 1974இல் அவங்க வர்த்தக ஆணையம் விதியே போட்டது. நம்ம ஊரில் முப்பது வருஷம் கழிச்சும் அட்டையில் பூஜ்ஜியத்தைச் சேர்த்துக்கிட்டே போனாங்க.

பெரிய பாவம் வாட்ஸ் இல்லை. ஹாஃப்மன் விதியைச் சொன்னேனே, அதில் அவங்க விட்டுக்கொடுத்தது எதை? குரலை. காசு பூரா வாளிப் பெட்டியில். மீதி அஞ்சிலும் உள்ளங்கை அகலத்துக்கு மூணு இஞ்ச் காகித ஸ்பீக்கர், தனி ட்வீட்டர் இல்லை, பிளாஸ்டிக் கூடு. கார் வெடிக்கிறது பிரமாதமாக் கேட்கும். கார் ஏன் வெடிச்சதுன்னு சொல்ற வசனம் கேட்காது!

இது எனக்குப் பொழுதுபோக்கு விஷயம் மட்டும் இல்லை. அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி பிரஸ் ஷாப்பில் 27 வருஷம் வேலை பார்த்தவர். தகடு வெட்டுற சத்தத்தில் வாழ்ந்த காதுக்கு முதலில் போறது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். ச, ஸ, த, ப, இந்த மாதிரி எழுத்துக்களைப் பிரிச்சுக் காட்டுறது அந்தப் பக்கத்துச் சத்தம்தான். அது போயிட்டா பேசுறது கேட்கும், என்ன பேசுறாங்கன்னு தெரியாது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆன ஆட்கள் இருக்கிற வீடுகளில் டி.வி. சத்தம் ஏன் தெருவுக்கே கேட்குதுன்னு இப்பப் புரியுதா? எங்க வீட்டில் இன்னொரு சிக்கல். பாட்டி தெலுங்குப் படம் பார்ப்பாங்க, பக்கத்து வீட்டுப் பசங்க கன்னடம், நாங்க தமிழ். மூணு மொழியிலும் அப்பா "என்ன சொன்னான்?"னுதான் கேட்பார்.

மாமா ஆசையா வாங்கிக் கொடுத்த 5.1 செட் மூணு வருஷம் இருந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட வாளிதான் உறுமும். அதைக் கழட்டி மாடிக்கு அனுப்பிட்டு, அஞ்சு இஞ்ச் வூஃபரும் ஒரு இஞ்ச் ட்வீட்டரும் இருக்கிற ரெண்டு பெட்டியையும், எஸ்.பி. ரோட்டில் வாங்கின ஒரு சின்ன ரெண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரையும் வெச்சேன். அன்னிக்கு ஓடினது அப்பா ஏற்கனவே ரெண்டு தடவை பார்த்த படம். பாதியில், "இந்த இடத்துல இவன் இதையா சொல்றான்?"னார்.

அஞ்சு சேனல் படத்தை ரெண்டில் கேட்டா விஷயம் போயிடாதான்னு கேட்பீங்க. போகாது. பழைய டால்பி ஸ்டீரியோவே நாலு சேனலை ரெண்டு தடத்துக்குள்ள மடிச்சு வெச்சதுதான். 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் ஊர் ஊரா ஓடினது அப்படித்தான். இப்ப இருக்கிற டி.வி., டி.வி.டி. பிளேயர் எதிலும் செட்டிங்கில் ஸ்டீரியோன்னு வெச்சா, நடுச் சேனல் வசனத்தைப் பாதிப் பாதியா ரெண்டு பக்கமும் கொடுத்துடும். பின் சேனல்களும் சேர்ந்துடும். வழக்கமா விட்டுப்போறது 5.1இல் இருக்கிற அந்த ".1", தனி உறுமல் சேனல் மட்டும். எங்க வீட்டில் அதைத் தேடி யாரும் அழலை. 5.1ன்னே விட்டுட்டா சில பிளேயரில் நடுச் சேனல் காணாமப் போய் வசனமே வராது, அதை மட்டும் பார்த்துக்கங்க.

வாட்ஸ் பயமும் வேண்டாம். ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டரில் 86 டெசிபல் தர்ற பெட்டிதான் எங்க வீட்டில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமில் வசனத்துக்கு ஒரு வாட் கூடச் செலவாகாது, சண்டைக் காட்சிக்குப் பத்தோ இருபதோ.

இன்னொண்ணு, பேர் புத்தக அலமாரின்னு இருக்கேன்னு அலமாரிக் குழிக்குள்ள தள்ளி வைக்காதீங்க. முதுகு ஓட்டைக்கு மூச்சு முட்டும், சுவர் மூலை பேஸைத் தூக்கி மறுபடியும் பானை ஆக்கிடும். சுவரில் இருந்து ஒரு அடி முன்னே, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில், ரெண்டு பெட்டிக்கும் நமக்கும் சம தூரம். நான் வெச்சிருக்கிற ஸ்டாண்ட் சிமெண்ட் ஹாலோ பிளாக்கில் கட்டினது. பார்க்கத்தான் சுமார்.

வில்ச்சர் கதையில் ஒரு பாக்கி இருக்கு. 1967இல் ஏஆர் கம்பெனியை வித்துட்டு அவர் போய் உட்கார்ந்தது காது மெஷின் ஆராய்ச்சியில். அப்ப இருந்த மெஷின்கள் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கும், நம்ம வாளிப் பெட்டி மாதிரி. மெல்லிசையும் தூக்கும், வாசல் கதவு அடிக்கிறதையும் தூக்கும். சத்தத்தை மேல், கீழ்னு பிரிச்சு, ஒவ்வொண்ணிலும் மெல்லிய சத்தத்தை நிறையவும் பெரிய சத்தத்தைக் கம்மியாவும் தூக்கினா எழுத்துக்கள் புரியும்னு காட்டி, 1973இல் கட்டுரை எழுதினார். இந்த முறை காப்புரிமைக்கு மனுவே போடலை, யார் வேணாலும் எடுத்துக்கட்டும்னு விட்டுட்டார். இன்னிக்கு வர்ற டிஜிட்டல் காது மெஷின்களில் பெரும்பாலும் ஓடுறது அந்த வழிதான். 2011இல் காலமானார், 94 வயசு.

அப்பாவுக்கு ஓசூரில் ஆடியோகிராம் எடுத்தாச்சு. கோடு நேரா வந்து, 4000கிட்ட பள்ளத்தில் விழுது. மெஷின் மாட்டச் சொன்னா, "ரெண்டு பெட்டி வெச்சிருக்கியே, அது போதும்"ங்கிறார். பெட்டியை பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும் தூக்கிட்டுப் போக முடியாதேப்பான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.